செருப்பு கழன்றது காலுக்குத் தெரியாவிட்டால்

நடை தடுமாறுகிறது என்று சென்னையில் ஒரு நரம்பியல் ஓபிக்குப் போனால், மற்ற கேள்விகளோடு இதுவும் வரும்: "செருப்பு கழண்டு போகுதா? போனா உங்களுக்குத் தெரியுதா?" கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். நடை தடுமாறுகிறது என்று வந்தவரிடம் செருப்பைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? ஆனால் ரப்பர் செருப்பு போட்டு நடக்கிற ஊரில் இதைவிடச் செலவில்லாத பரிசோதனை கிடையாது.

இரண்டு விதமான பதில் வரும். "கழலுது, தெரியுது, ஆனா விரலால பிடிச்சு நிறுத்த முடியல" என்றால் பாதத்தின் தசையில் பலம் குறைந்திருக்கிறது. "கழண்டதே தெரியல, நாலடி போனப்புறம் தரை சுட்டுச்சு, அப்பதான் பார்த்தேன்" என்றால் பலம் இருக்கிறது, தகவல் போகவில்லை. கால் எங்கே இருக்கிறது, எப்படி மடங்கியிருக்கிறது, அதில் என்ன மாட்டியிருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சேரவில்லை. இரண்டாவது பதிலில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. தரை சுட்டது தெரிகிறது, செருப்பு இல்லாதது தெரியவில்லை. சூட்டுக்கு ஒரு பாதை, இருப்புக்கு வேறொரு பாதை.

சிசேரியன் மேசையில் கால் அந்தரத்தில் மிதப்பது, எடுத்துவிட்ட பாதத்தில் அரிப்பது, தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அழுத்துவது, பஞ்சின் மேல் நடப்பது போலிருப்பது என்று மக்கள் சொல்கிற பல விசித்திரங்களுக்கு அடிப்படை இந்தத் தகவல் போக்குவரத்துதான். முதலில் அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நிலையுணர்வு: ஐம்புலனில் சேராத புலன்

கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டுவிடுவீர்கள். கண் பார்க்கவில்லை, விரல் மூக்கில் படும்வரை தோலுக்கும் வேலையில்லை. கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது உள்ளிருந்தே தெரிகிறது. இதற்கு புரோப்பிரியோசெப்ஷன் என்று 1906இல் பெயர் வைத்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். 1932இல் நோபல் பரிசு பெற்றவர். தமிழில் நிலையுணர்வு என்று சொல்லலாம்.

மூளை எந்தக் கையையும் காலையும் நேரடியாக அறிவதில்லை. அதற்கு வருவதெல்லாம் அறிக்கைகள்தான். அறிக்கை அனுப்புகிறவர்கள்:

1. தசைக்கதிர். நூற்கதிர் போல நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உறுப்பு. தசை நார்களுக்கு நடுவே அவற்றுக்கு இணையாகக் கிடக்கும். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று சொல்லும். நிலையுணர்வில் பெரும்பங்கு இதனுடையது. கழுத்திலும் உள்ளங்கையிலும் உள்ள சிறு தசைகளில் இவை நெருக்கமாக இருக்கும்.

2. தசைநாணில் உள்ள கோல்கி உறுப்பு. தசை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதைச் சொல்லும். பால் பாக்கெட் கனக்கிறதா இல்லையா என்பது இதன் கணக்கு.

3. மூட்டைச் சுற்றியுள்ள தோலும் மூட்டு உறையும். தோல் இழுபடுவதும் சுருங்குவதும் விரல் மூட்டுகளுக்கு முக்கியமான துப்பு.

4. உட்செவி. மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதையும், கால்சியம் துகள்கள் பதிந்த இரு பைகள் தலை சாய்வதையும் சொல்கின்றன.

5. கண். இதன் பங்கு எவ்வளவு பெரியது என்பது மற்றவை கெடும்போதுதான் புரியும்.

6. கட்டளையின் நகல். கையைத் தூக்கு என்று மூளை தசைக்கு உத்தரவு போடும்போது, அதன் ஒரு பிரதியைத் தனக்கும் வைத்துக்கொள்கிறது. வருகிற அறிக்கையும் பிரதியும் ஒத்துப்போனால் "நான் தூக்கினேன்" என்று தோன்றும். ஒத்துப்போகாவிட்டால் "யாரோ தூக்குகிறார்கள்". தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம்.

தசைக்கதிர் இழுபடும்போது அந்த இழுவையை மின்சமிக்ஞையாக மாற்றுவது பீசோ2 என்ற புரதம். பீசோ வகைப் புரதங்களை 2010இல் கண்டறிந்த ஆர்டம் படபூட்டியனுக்கு 2021 மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது. பிறவியிலேயே பீசோ2 வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். கண்ணைத் திறந்திருந்தால் நடப்பார்கள், மூடினால் விழுந்துவிடுவார்கள்.

தடித்த கம்பி, மெல்லிய கம்பி

நிலையுணர்வுச் செய்தி போவது உடலிலேயே தடித்த, கொழுப்பு உறை நன்றாகச் சுற்றிய நரம்பிழைகளில். வேகம் விநாடிக்கு 80 முதல் 120 மீட்டர்வரை. மந்தமான எரிச்சலும் வலியும் போவது உறையே இல்லாத மெல்லிய இழைகளில், விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். காலை இடித்துக்கொண்டதும் இடித்தது உடனே தெரிந்து, "அம்மா!" என்று கத்த வைக்கிற வலி ஒரு கணம் கழித்து வருவதும் இதனால்தான்.

பாதையும் வேறு. வலியும் வெப்பமும் தண்டுவடத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில் எதிர்ப்பக்கம் தாண்டி, முன்பக்க ஓரமாக மேலே போகின்றன. நிலையுணர்வும் அதிர்வுணர்வும் தாண்டாமல் தண்டுவடத்தின் பின்புறத் தூண் வழியாக, மூளையின் அடியில் உள்ள முகுளம்வரை ஏறி, அங்கேதான் பக்கம் மாறுகின்றன. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "போஸ்டீரியர் காலம்" என்று எழுதியிருப்பது இந்தத் தூணைத்தான். கால் கட்டைவிரலில் தொடங்கும் ஓர் இழை நடுவில் எங்கும் மாறாமல் முகுளம்வரை போகிறது. ஒரே செல், ஒரு மீட்டருக்கு மேல் நீளம். சத்துக் குறைந்தாலும் சர்க்கரை கூடினாலும் முதலில் கால் நுனி பாதிக்கப்படுவது இந்த நீளத்தால்.

முகுளத்திலிருந்து செய்தி மூளையின் பரைட்டல் மடலுக்குப் போகிறது. உடலின் வரைபடம் இருப்பது அங்கேதான். இன்னொரு கிளை சிறுமூளைக்குப் போய் நடையையும் சமநிலையையும் திருத்துகிறது. அது நாம் அறியாமலே நடக்கிற வேலை.

ஆக, கோளாறு மூன்று இடத்தில் வரலாம்: செய்தி புறப்படும் இடம், வரும் பாதை, வரைபடம்.

ஆரோக்கியமான உடம்பை ஏமாற்றும் முறை

மூளை கணக்குப் போட்டுத்தான் உடலை அறிகிறது என்பதை நம்பச் சிரமமாக இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்.

1. கதவு நிலையின் நடுவில் நின்று, கையைத் தொங்கவிட்டு, இரண்டு புறங்கையாலும் நிலைச்சட்டத்தை வெளிப்பக்கமாக அழுத்துங்கள். 30 முதல் 60 விநாடிவரை, நல்ல பலத்தோடு. பிறகு ஓரடி முன்னே வந்து கையைத் தளர்த்துங்கள். கை தானாக மேலே மிதந்து ஏறும். 1915இல் ஜெர்மன் மருத்துவர் ஆஸ்கர் கோன்ஸ்டாம் விவரித்தது இது. அழுத்தி முடித்த பின்னும் தசை சுருங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் புதிய கட்டளை எதுவும் இல்லை. நகல் இல்லாத அசைவு என்பதால் தன் கையே அந்நியமாகத் தோன்றுகிறது. பலர் செய்கிற தவறு, பத்து விநாடியில் விட்டுவிடுவது.

2. நடுவிரலை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காகப் போடுங்கள். கண்ணை மூடி, இரு நுனிகளுக்கும் இடையே ஒரு மிளகை உருட்டுங்கள். இரண்டு மிளகு இருப்பது போலத் தோன்றும். அந்த இரு விரல்களின் வெளிப்பக்கங்கள் அன்றாடத்தில் ஒரே பொருளை ஒரே நேரத்தில் தொடுவதில்லை. விரல் குறுக்காக இருப்பதை மூளை கணக்கில் எடுப்பதில்லை, பழைய வரிசையை வைத்தே தீர்ப்புச் சொல்கிறது. அரிஸ்டாட்டில் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

3. உண்மைக் கையை ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, முன்னால் பஞ்சடைத்த ரப்பர் கையுறையை அதே திசையில் வையுங்கள். இன்னொருவர் இரண்டு தூரிகையால் இரண்டையும் ஒரே விரலில், ஒரே திசையில், ஒரே நேரத்தில் தடவ வேண்டும். ஓரிரு நிமிடத்தில் பலருக்குக் கையுறையே தன் கையாகிவிடும். 1998இல் பாட்வினிக், கோஹன் இருவரும் வெளியிட்ட சோதனை. இரண்டு தூரிகைக்கும் அரை விநாடி முன்பின் வந்தால் மாயை கலையும். கையுறை குறுக்காகத் திரும்பியிருந்தாலும் வராது. எல்லோருக்கும் வருவதுமில்லை.

கருவி இருந்தால் இன்னும் விசித்திரமான ஒன்றும் உண்டு. கண்ணைக் கட்டி, மேற்கையின் முன்தசை நாணில் விநாடிக்கு 100 முறை அளவில் அதிர்வு கொடுத்தால், தசைக்கதிர் அதைத் தசை நீள்வதாக எடுத்துக்கொள்ளும். கை அசையாமல் இருக்கும்போதே முழங்கை விரிவது போலிருக்கும். அதே நேரம் அந்தக் கையால் மூக்கு நுனியைப் பிடித்திருந்தால்? கை விலகுகிறது, ஆனால் விரல் மூக்கை விடவில்லை. இரண்டு செய்தியையும் சமாதானப்படுத்த மூளை கண்டுபிடிக்கிற வழி: மூக்கு நீள்கிறது. 1988இல் ஜேம்ஸ் லாக்னர் இதை விவரித்தார்.

மரத்துப்போன கை, அந்தரத்தில் கால், அமுக்குவான்

கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கி எழுந்தால், யாருடைய கையோ பக்கத்தில் கிடப்பது போலிருக்கும். ரத்தம் நின்றுவிட்டது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. மணிக்கட்டில் நாடி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அழுத்தத்தில் நசுங்குவது நரம்பும் அந்த நரம்புக்கே ரத்தம் கொடுக்கும் மிகச் சிறிய குழாய்களும். தடித்த இழைகள் முதலில் கைவிடுவதால் இருப்பு தெரியாமல் போகும், கிள்ளினால் மட்டும் ஏதோ தெரியும். அழுத்தம் நீங்கியதும் இழைகள் ஒழுங்கில்லாமல் சுடுவதுதான் அந்தச் சுருசுருப்பு.

ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிட்டால் கவலையில்லை. நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டுப் போதையில் தூங்கியவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போவதும், நெடுநேரம் குத்துக்காலிட்டு வேலை செய்தவருக்குப் பாதம் தூக்க முடியாமல் போவதும் இதே அழுத்தம் அளவுமீறியதால் வருபவை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் பலமில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி இதன் பெரிய வடிவம். உட்கார வைத்தோ, பக்கவாட்டில் சுருண்டு படுக்க வைத்தோ ஊசி போட்டு, பிறகு மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். சிறிது நேரத்தில் சிலர் கேட்பார்கள்: "காலைத் தூக்கி வெச்சிருக்கீங்களா டாக்டர்?" கால் மேசையில் நேராகத்தான் கிடக்கும். செய்தி நின்றுபோன பிறகு மூளை தன் பழைய கணிப்பையே, பெரும்பாலும் மடங்கிய நிலையை, பிடித்துக்கொண்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, மருந்தின் வேகம் குறைந்தால் போய்விடும். கவனிக்க வேண்டியது வேறு: விரல் அசைய ஆரம்பித்துவிட்டது என்று தானாக இறங்கி நிற்கக் கூடாது. தசை அசைவதும் பாதம் தரையை உணர்வதும் ஒன்றாகத் திரும்பும் என்று உத்தரவாதமில்லை. முதல் முறை நர்ஸ் பிடித்துக்கொள்ளத்தான் எழ வேண்டும்.

அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வதும் இந்த வகைதான். கனவு காணும் தூக்கக் கட்டத்தில் உடல் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைப் பூட்டிவைக்கும். பூட்டு திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால் கட்டளை போகிறது, கை அசைந்ததாக அறிக்கை வரவில்லை, நெஞ்சுத் தசைகளும் முழுமூச்சுக்கு ஒத்துழைப்பதில்லை. மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக மூளை கதை கட்டுகிறது. மல்லாந்து படுப்பவர்களுக்கும், தூக்கம் கெட்ட ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் அதிகம் வரும். பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இல்லாத காலில் வலி

சர்க்கரைப் புண்ணாலோ விபத்தாலோ கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கால் இருப்பது போன்ற உணர்வு தொடர்கிறது. 1871இல் அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் தந்த பெயரைத் தழுவி இதை மாய உறுப்பு என்கிறோம். செய்தி அனுப்ப ஆளில்லை, வரைபடத்தில் இடம் அப்படியே இருக்கிறது. சிலருக்கு நாளாக ஆகக் கால் சுருங்கி, பாதம் மட்டும் மூட்டோடு ஒட்டியிருப்பது போலாகும். சிலருக்கு விரல்கள் முறுக்கிய நிலையிலேயே உறைந்து, தாங்க முடியாத வலி கொடுக்கும்.

இதற்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். 1951இல் பிறந்த தமிழர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் சான் டியாகோவில் பணியாற்றியவர். 1990களில் அவர் செய்த கருவி, நடுவில் கண்ணாடி நிறுத்திய ஓர் அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். இருக்கிற கையை ஒரு பக்கம் விட்டு அசைத்தால், கண்ணாடியில் இல்லாத கை அசைவது போலத் தெரியும். பல காலமாக இறுகிக் கிடந்த மாய விரல்கள் விரிந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

காலுக்குச் செய்யும் முறை:

1. பீரோ கண்ணாடி அளவு நீளமான கண்ணாடியை, உட்கார்ந்த நிலையில் இரு தொடைக்கும் நடுவே, பளபளக்கும் பக்கம் இருக்கிற காலைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். வெட்டுப்பகுதி கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும்.

2. மெட்டி, கொலுசு, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். மாய உறுப்பில் இல்லாத ஒன்று கண்ணாடியில் தெரிந்தால் மூளை ஏற்காது.

3. பாதத்தை மேலும் கீழும், விரல்களை விரித்தும் மடக்கியும் மெதுவாக அசைக்க வேண்டும். அதே நேரத்தில் இல்லாத காலையும் அப்படியே அசைக்க முயல வேண்டும். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு வெறுமனே வேடிக்கை பார்ப்பதுதான் பலன் இல்லாமல் போவதற்குப் பெரிய காரணம்.

4. நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். தலைசுற்றலோ வலி கூடுவதோ வந்தால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் இது உதவுவதில்லை. வெட்டுப்பகுதியைத் தொட்டாலே ஓர் இடத்தில் சுரீரென்றால் அது நரம்பு முடிச்சாகவோ பொருந்தாத செயற்கைக் காலாகவோ இருக்கலாம். அதற்குக் கண்ணாடி மருந்தாகாது. ஏன் வேலை செய்கிறது என்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. மூளையின் வரைபடத்தில் கைக்கான இடத்தைப் பக்கத்தில் உள்ள முகம் ஆக்கிரமித்துக்கொள்கிறது என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் வந்த ஸ்கேன் ஆய்வுகளில், எடுக்கப்பட்ட கைக்கான வரைபடம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பெருமளவு அழியாமல் இருப்பது தெரிந்தது. கண்ணாடி செலவில்லாதது, ஊறு செய்யாதது. ஆகவே முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை என்பதே நியாயமான நிலைப்பாடு.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நடு ராத்திரி பாத்ரூம் போக எழும்போது, அரைத் தூக்கத்தில், இல்லாத காலை ஊன்றி இறங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊன்றுகோலைக் கட்டிலில் இறங்கும் பக்கமே, கை முதலில் படும் இடத்தில் சாய்த்து வைக்க வேண்டும். செயற்கைக் கால் பொருத்திய பின் இதே மாய உணர்வு உதவிக்கும் வருகிறது, அது செயற்கைக் காலுக்குள் "நிரம்பி"க்கொள்வதாகச் சொல்வார்கள். சென்னையில் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்பும் பயிற்சியும் கிடைக்கின்றன.

வரைபடமே கெட்டால் நிலைமை தலைகீழ். மூளையின் வலது பக்கம் பக்கவாதம் வந்தவர், தன் இடது கையைக் காட்டி "இது யார் கை?" என்று கேட்கலாம். அதைவிட ஆபத்தானது, கை அசையாமல் கிடக்கும்போதே "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் உறுதியாகச் சொல்வது. பிடிவாதமோ பயமோ இதற்குக் காரணமில்லை. குறையை அறிய வேண்டிய பகுதியே செயலிழந்திருக்கிறது. நோயாளி சொல்வதை நம்பிக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அவகாசம் அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான்.

கண் மறைத்துவைக்கும் நோய்

மேலே சொன்னவற்றைவிடச் சென்னையில் அதிகம் பார்க்கப்படுவதும், தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் பாதையில் வரும் கோளாறு. தாமதத்துக்குக் காரணம் கண். பாதத்திலிருந்து வரும் செய்தி மெல்ல மெல்லக் குறையும்போது, அந்த இடத்தைப் பார்வை சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் நடை சரியாகவே இருக்கும். ஆகவே அறிகுறிகளைக் கண் மூடும் நேரங்களில் தேட வேண்டும்:

1. தலைக்குச் சீயக்காய் தேய்த்து, கண்ணை மூடி மக்கால் தண்ணீர் ஊற்றும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.
2. வாஷ் பேசினில் குனிந்து முகம் கழுவும்போது முன்னே சாய்கிறது.
3. கோயிலில் கண்மூடிக் கைகூப்பினால் ஆட்டம்.
4. பனியனைத் தலைவழியாகக் கழற்றும்போது தள்ளாட்டம்.
5. கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.
6. கால் கிளட்சில் இருக்கிறதா பிரேக்கில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இது இருப்பவர் வண்டி ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும்.

டாக்டர் செய்வதும் இதன் ஒழுங்கான வடிவம்தான். இரு பாதத்தையும் ஒட்டி நிற்க வைத்து, கண் திறந்திருக்கும்போது நிலையாக நிற்கிறாரா என்று பார்த்து, பிறகு கண்ணை மூடச் சொல்வார். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க் பெயரால் வழங்கும் சோதனை. கண் திறந்தே ஆடினால் சிறுமூளையையும் யோசிக்க வேண்டும். திறந்தால் சரி, மூடினால் சரிகிறார் என்றால் முதல் சந்தேகம் நிலையுணர்வின் மேல். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஆளைத் தனியே விடாமல், பிடிக்கும் தூரத்தில் நின்று செய்ய வேண்டும்.

அடுத்தது கட்டைவிரல் சோதனை. விரலை மேலும் கீழும் பிடித்தால், அழுத்தத்தை வைத்தே திசையை ஊகித்துவிடுவார்கள். பக்கவாட்டில் பிடித்து, ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் அசைத்து, "மேலயா, கீழயா?" என்று கேட்க வேண்டும். நல்ல காலில் தவறே வராது. பத்தில் ஐந்து சரி என்றால் அது பூவா தலையா ஊகம்தான். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கணுக்கால் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். அதிர்வு போனால் நிலையுணர்வும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்.

காரணங்களில் முதலில் பார்க்க வேண்டியது பி12 குறைபாடு, ஏனென்றால் சரிசெய்ய முடிவது அது. நரம்பின் கொழுப்பு உறைக்கு பி12 தேவை. குறைந்தால் தண்டுவடத்தின் பின்புறத் தூண் கரைய ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் போதும், ஆனால் தாவர உணவில் அது இல்லை. இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைக்கும் என்பதை நம்பி இருக்க முடியாது. பால், தயிரில் ஓரளவு உண்டு, காபிக்கு ஊற்றுகிற அரை டம்ளர் போதாது. சுத்த சைவம், பல வருடமாகப் போடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, வருடக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் போடும் அசிடிட்டி மாத்திரை என்று மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது இந்த ஊரில் அபூர்வமே இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளியே தெரியப் பல ஆண்டு ஆகும்.

இங்கே நடக்கும் தவறு இரண்டு. சோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு தொடர்ந்து கெடும். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே பி12 ஊசி போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு உயர்ந்து காட்டும், நோய் மறைந்துவிடும். மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவில் என்றால் சாதாரணம் என்று விட்டுவிடாமல் ஹோமோசிஸ்டீன் போன்ற துணைப் பரிசோதனை கேட்கலாம். சீக்கிரம் பிடித்தால் ஊசியில் நன்றாகத் திரும்பும். நடை குலைந்து பல மாதமானபின் திரும்புவது அரைகுறைதான்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் மருந்துக்கடையிலேயே இருக்கிறது. நரம்புச் சத்து மாத்திரை என்று சீட்டில்லாமல் வாங்கிப் போடுவதில் பைரிடாக்ஸின், அதாவது பி6, இருக்கும். அளவு மீறினால் அது நிலையுணர்வு நரம்பின் செல்லையே கொல்லும். 1983இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 2 முதல் 6 கிராம்வரை எடுத்த ஏழு பேருக்கு நடையே குலைந்திருந்தது. அதைவிட மிகக் குறைந்த அளவும் நெடுங்காலம் எடுத்தால் கெடுதல் என்று பின்னர் தெரிந்ததால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் பெரியவர்களுக்கான உச்ச அளவை 12 மில்லிகிராம் என்று குறைத்தது. அட்டையின் பின்பக்கத்தில் பைரிடாக்ஸின் எத்தனை மில்லிகிராம் என்று படித்து, இரண்டு மூன்று மாத்திரையில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு மருத்துவர் சேர்த்துக் கொடுக்கும் பி6 வேறு கணக்கு. அதை நிறுத்தக் கூடாது.

சர்க்கரை நோயில் மெல்லிய இழையும் தடித்த இழையும் சேர்ந்தே கெடும் என்பதால் எரிச்சலும் பஞ்சு நடையும் கலந்து வரும். செருப்புக்குள் கல் இருப்பதே தெரியாமல் நாள் முழுக்க நடப்பார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை நெருக்கினாலும் இதே தள்ளாட்டம் வரும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பது போலிருப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கான விஷயம்.

காரணத்துக்கு மருந்து, நடைக்குப் பயிற்சி

போன செய்தியைத் திரும்ப வரவழைக்க எப்போதும் முடியாது. இருக்கிற மற்ற வழிகளைப் பலப்படுத்தலாம். சுவரில் ஒரு விரலை லேசாக வைத்தாலே உடல் ஆட்டம் கணிசமாகக் குறைகிறது. தாங்குவதற்குப் போதாத அளவு மெல்லிய தொடுகைதான், ஆனால் விரல் நுனி மூளைக்கு ஓர் அறிக்கை அனுப்பிவிடுகிறது. கைத்தடி உதவுவதிலும் பாதி இதுவே. எனவே பாத்ரூமில் கம்பி பொருத்தும்போது இடுப்புயரத்தில், குளிக்கும் இடத்திலிருந்து கதவுவரை விடாமல் கை ஓடும்படி போட வேண்டும். குளிக்க உயரமான ஸ்டூல், பின்பட்டை உள்ள செருப்பு, படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை ராத்திரி விளக்கு. இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்துவிட்டு அந்த விளக்கை விட்டுவிடாதீர்கள்.

நடைப்பயிற்சிக்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிஸ் மருத்துவர் ஹைன்ரிஷ் ஃப்ரெங்கல் வகுத்த முறை இன்றும் இயன்முறை அறைகளில் நடக்கிறது:

1. படுத்த நிலையில் ஒரு குதிகாலைப் படுக்கையில் உரசியபடி மெதுவாக மேலே இழுத்து, மெதுவாக நீட்டுவது. ஒன்று முதல் நான்குவரை எண்ணிக்கொண்டு, காலைப் பார்த்தபடி.

2. நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் போட்ட குறியில் பாதத்தைத் துல்லியமாக வைத்து எடுப்பது. தவறினால் திருத்த வேண்டும், அப்படியே விடக் கூடாது.

3. தரையில் வரைந்த பாதச் சுவடுகளில் அடியெடுத்து வைப்பது. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜையறைவரை பாதம் போடுவது போலத்தான், ஆனால் அரிசி மாவு வழுக்கும், சாக்பீஸ் போதும். இடது வலது சுவடுகளுக்கு நடுவே முதலில் ஒரு சாண் அகலம் விட்டு, வாரம் செல்லச் செல்ல நெருக்கலாம்.

ஒவ்வொன்றும் நான்கு முறை, பிறகு ஓய்வு. வேகமோ பலமோ இங்கே குறிக்கோள் இல்லை, சரியாக வைப்பதுதான். அசதி வந்தபின் செய்வது தவறான அசைவையே பழக்கிவிடும். முதலில் காலைப் பார்த்து, பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்து, கடைசியில்தான், பின்னால் ஒருவர் இடுப்புப் பட்டியைப் பிடித்திருக்க, கண்ணை மூடி.

1971இல் பிரிட்டனில் 19 வயது இளைஞர் ஒருவருக்கு, ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் நிலையுணர்வும் மொத்தமாகப் போயின. வலியும் சூடும் தெரியும், தசையில் பலமும் இருந்தது. ஆனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, முன்கூட்டியே யோசித்துச் செய்யப் பழகி, நெடுநாள் உழைப்பில் மறுபடி நடந்தார், வேலைக்கும் போனார். பழைய உணர்வு திரும்பவேயில்லை. விளக்கு அணைந்தால் மட்டும் நின்ற இடத்திலேயே சரிந்து விழுவார், வெளிச்சம் வரும்வரை எழ முடியாது.